அந்த ஆடுகளின் சத்தம் என்ன?

பைபிளில் வரும் இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலின் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்காத பிள்ளை எங்கள் வேலூர்ப் பக்கத்துச் சபைகளில் இருக்க முடியாது. தொலைந்துபோன கழுதைகளைத் தேடப் போனவன் ராஜாவாகத் திரும்பினான் என்று ஆரம்பித்து, கில்போவா மலையில் தன் பட்டயத்தின் மேலேயே விழுந்து செத்தான் என்பதுவரை சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கதை முழுவதிலும் எனக்கு மறக்கவே முடியாத இடம் போர்க்களமும் இல்லை, அரண்மனையும் இல்லை. ஆடு கத்துகிற இடம்தான்.

ஒன்று சாமுவேல் 15ஆம் அதிகாரம். அமலேக்கியரோடு யுத்தம் முடிந்துவிட்டது. எதையும் மிச்சம் வைக்காதே, ஆடுமாட்டைக்கூட விடாதே என்று சவுலுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. அவனும் ஜனங்களும் என்ன செய்தார்கள் என்றால், கொழுத்த ஆடு, தரமான மாடு, நல்ல குட்டி என்று பார்த்துப் பார்த்து ஒதுக்கி வைத்துக்கொண்டு, நோஞ்சானையும் உதவாததையும் மட்டும் சுத்தமாக அழித்துப்போட்டார்கள். கைநஷ்டம் இல்லாத இடத்திலெல்லாம் கட்டளை நிறைவேறிவிட்டது. அப்புறம் சவுல் கர்மேலுக்குப் போய்த் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பமும் நாட்டிவிட்டுக் கில்காலுக்கு இறங்கி வருகிறான். விஷயம் தெரிந்து இரவெல்லாம் ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டுவிட்டு, விடியற்காலையில் எழுந்து வருகிற கிழவர் சாமுவேலை, தன்னை ராஜாவாக அபிஷேகம் பண்ணின தீர்க்கதரிசியை, பார்த்ததும், கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று தானாகவே முந்திக்கொண்டு சொல்கிறான். சாமுவேல் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்: அப்படியானால் என் காதுகளில் விழுகிற ஆடுகளின் சத்தமும், எனக்குக் கேட்கிற மாடுகளின் சத்தமும் என்ன?

சவுலிடம் பதில் தயாராக இருக்கிறது. ஜனங்கள்தான் தப்பவைத்தார்கள், அதுவும் கர்த்தருக்குப் பலியிடுவதற்காகத்தான் என்கிறான். இது வாய்க்கு வந்த சமாளிப்பு என்றுதான் பிரசங்கங்களில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் உண்மையாகவே பலியிட்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். கில்காலில் பெரிய பலிபீடமாகக் கட்டி, ஊரையே கூட்டி, அந்தக் கொழுத்த ஆடுகளை வரிசையாக நிறுத்தி, மனசார கர்த்தருக்கு நன்றி சொல்லியிருப்பான். அவனுடைய பக்தியில் பொய் இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் கதையின் முழுக் கனமும் புரிகிறது. எந்த ஆட்டை வைத்திருக்கக்கூடாது என்று கடவுள் சொன்னாரோ அதே ஆட்டைக் கடவுளுக்கே காணிக்கையாகக் கொண்டுவந்து நிற்கிறான். கீழ்ப்படியாமல் எடுத்து வைத்துக்கொண்ட பொருள்தான் பலிப்பொருள்.

சாமுவேல் சொன்ன பதில் நம் எல்லாருக்கும் மனப்பாடம். 'பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்.' காலண்டரில் அச்சடிக்கிறோம், போட்டியில் பிள்ளைகளை ஒப்பிக்க வைத்துப் பரிசு கொடுக்கிறோம்.

அமலேக்கியரை அடியோடு அழிக்கச் சொன்ன அந்தக் கட்டளை என்னை நெருடத்தான் செய்கிறது, அதை மறைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை எழுத எனக்கு விருப்பமில்லை. குழந்தையையும் சேர்த்துக் கொல் என்று எழுதியிருக்கும் வசனத்தை வாசித்துவிட்டு இயல்பாக அடுத்த வசனத்துக்குப் போய்விட என்னால் முடிவதில்லை. ஆனால் சவுல் அந்த நெருடலால் நிறுத்தியவன் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஏழை அமலேக்கியனுக்கு அவன் இரங்கவில்லை. ராஜாவான ஆகாகை உயிரோடு வைத்துக்கொண்டான், நல்ல ஆட்டை வைத்துக்கொண்டான், அவ்வளவுதான். இரக்கம் அவனுடைய காரணமாக இருந்திருந்தால் நான் அவன் பக்கம் நின்றிருப்பேன்.

இதற்கு முன் 13ஆம் அதிகாரத்திலும் இதே மாதிரி ஒன்று நடக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எதிரிகளான பெலிஸ்தர் யுத்தத்துக்குக் கூடிவிட்டார்கள், சவுலின் ஆட்கள் பயந்து கலைந்துபோகிறார்கள், ஏழு நாள் காத்திரு நான் வருகிறேன் என்று சொன்ன சாமுவேலைக் காணோம். சவுல் பொறுக்கமாட்டாமல் தானே சர்வாங்க தகனபலியைச் செலுத்திவிடுகிறான். செலுத்தி முடிக்கவும் சாமுவேல் வந்து நிற்கவும் சரியாக இருக்கிறது. இரண்டு தடவையும் சவுல் தவறியது பக்திக் குறைவால் இல்லை. இரண்டு தடவையும் பலி இருக்கிறது, பக்தி இருக்கிறது. சொன்ன சொல்லைக் கேட்டு நடப்பது மட்டும்தான் இல்லை.

ஏன் நமக்குப் பலி சுலபமாக வருகிறது, கீழ்ப்படிதல் அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். பலி பெரிதாக இருக்கலாம், லட்சக்கணக்கில்கூட இருக்கலாம், ஆனால் என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது, யார் பார்க்கக் கொடுப்பது என்பதெல்லாம் நம் கையில் இருக்கிறது. கீழ்ப்படிதலில் அது எதுவும் நம் கையில் இல்லை. இந்த ஆளிடம் போ, இதைத் திருப்பிக் கொடு, இந்தப் பொய்யை நிறுத்து என்று இடம், நேரம், ஆள் எல்லாம் வேறொருவர் முடிவு செய்கிறார். அம்மா ராத்திரி மூச்சிரைத்துக்கொண்டு மருந்து வாங்கி வா என்று அனுப்பினால், கடைத்தெருவுக்குப் போய் அவளுக்குப் பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு வருகிற மகன் செய்வது அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, புடவை மருந்தைவிடப் பல மடங்கு விலை, ஆனாலும் அவள் கேட்டது அதுவல்ல.

எங்கள் சபைகளுக்குள் வந்து பார்த்தால் தெரியும். மின்விசிறி இறக்கையில் பேர், பெஞ்சின் முதுகில் பேர், சுவர்க் கடிகாரத்தில் பேர், டியூப்லைட் பட்டியில் சிவப்பு பெயிண்டில் 'நினைவாக' என்று பேர். செத்துப்போன அப்பா நினைவாக ஒரு விசிறி வாங்கி மாட்டுகிற மகனை நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். கூலி வேலை செய்து சேர்த்த காசில் வாங்கியதாக இருக்கும், அந்த விசிறிக்குக் கீழேதான் மே மாத வேலூர் வெயிலில் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு வலிக்கிற இடம் வேறு. ஒருவர் புது வீடு கட்டி முடித்துப் பிரதிஷ்டை வைத்தார், ஆயரை அழைத்து ஜெபம், பாட்டு, வந்த எல்லாருக்கும் பிரியாணி, சபைக்குப் பெரிய தொகை ஸ்தோத்திரக் காணிக்கை. அந்த வீட்டுக்கு சென்டரிங் வேலை செய்தவருக்கும் பூச்சு வேலை செய்த கொத்தனாருக்கும் பாக்கி நின்றுகொண்டே இருந்தது. கொத்தனார் அன்றைக்கும் வந்திருந்தார், வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றார், சாப்பிட்டுவிட்டுப் போப்பா என்று இலை போட்டார்கள். காசைப் பற்றி யாரும் பேசவில்லை. யாக்கோபு எழுதின நிருபத்தில், வயலை அறுத்த வேலைக்காரருடைய கூலி அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று ஒரு வசனம் இருக்கிறது. பிடித்து வைத்த கூலிக்கே வாய் இருக்கிறது என்கிறார். கில்காலில் கத்தின ஆடுகளும் வாசலில் நின்ற கொத்தனாரும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறார்கள், ஏனென்றால் ஆயர் கையில் கவரில் வைத்துக் கொடுத்த அந்தப் பணத்தில் அவருடைய கூலியும் இருந்தது.

இதற்கு நேர் எதிராக நான் பக்கத்தில் இருந்து பார்த்தது என் பெரியம்மாவை. பள்ளிகொண்டாவுக்கு அந்தப் பக்கம் கிராமத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலம், அதில் ஒரு கிணறு. பெரியப்பாவும் அவர் தம்பியும் பாகம் பிரித்தபோது நிலம் பிரிந்தது, கிணறு பொதுவில் நின்றது. வாரத்தில் மூன்று நாள் இவர்கள் முறை, மூன்று நாள் அவர்கள் முறை, மோட்டார் ரிப்பேர் செலவு பாதிப் பாதி என்று பத்திரத்திலேயே இருந்தது. இந்த ஏற்பாடு உள்ள எந்தக் கிராமத்திலும் சண்டை எங்கே ஆரம்பிக்கும் என்று விவசாயம் செய்கிறவர்களுக்குத் தெரியும். மூன்று பேஸ் கரண்ட் வருகிற நேரம்தான் மோட்டார் ஓட்ட முடியும். அவர்கள் முறையில் கரண்ட் இருந்து நம் முறையில் இல்லாமல் போனால் மனசு கேட்காது. ராத்திரியில் போய் மடையைத் திருப்பிவிடத் தோன்றும். பெரியப்பா இறந்தபின், சின்னப்பாவும் படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு வருஷம், ஓரகத்தி ராத்திரியில் கொல்லிக்கு (வயலுக்கு) வர முடியாது என்பது தெரிந்தே பெரியம்மா அவர்கள் முறையிலும் சேர்த்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டார். அந்த வருஷம் இவருக்கு மல்லாட்டை (நிலக்கடலை) பிரமாதமாக விளைந்தது. பக்கத்துக் கொல்லியில் காய்ந்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று.

அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபைகளில் அது எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: விளைந்ததில் முதல் பலனை எடுத்துக்கொண்டு வந்து பீடத்துக்கு முன் வைப்பார்கள், வாழைத்தார், கரும்பு, பூசணி, நெல், கோழி, ஆட்டுக்குட்டி என்று கோயில் முழுக்கக் கொல்லி வாசனை அடிக்கும், ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் போகும். பெரியம்மா வருஷா வருஷம் மூட்டை கட்டிக் கொண்டுபோகிறவர். அந்த வருஷம் இருப்பதிலேயே திரட்சியான காயாகப் பொறுக்கி, காயவைத்து, மூட்டை கட்டித் திண்ணையில் வைத்துவிட்டார். முதல் நாள் ராத்திரி வழக்கம்போல் வேதம் வாசிக்கிறபோது சவுலின் இந்த அதிகாரம் வந்திருக்கிறது. ஆட்டுச் சத்தம் இன்னா என்று சாமுவேல் கேட்டதும் எனக்கு அந்த மூட்டையைப் பார்க்கவே முடியலடா, அது அவ தண்ணிதானே என்றார் என்னிடம் பிற்பாடு.

காலையில் கோயில் மணி அடிக்கிற நேரத்துக்கு அந்த மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு, கோயிலுக்குப் போகிற தெருவை விட்டுவிட்டு ஓரகத்தி வீட்டுக்குப் போனார். நான் லீவுக்குப் போயிருந்தேன், பின்னாலேயே போனேன். அந்த வீட்டுச் சித்தி வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மூட்டையைத் தூக்கினு இங்க வந்துட்ட? கோயில் அந்தாண்ட இல்ல?" என்றார். அத்தனை நாள் கழித்துப் பேசின முதல் பேச்சு. பெரியம்மா மூட்டையை இறக்கி வைத்தார். "இது உன் மொறைத் தண்ணில வெளஞ்சது. உன்னுது. மீதி மூட்டையையும் பையன்கிட்ட அனுப்பறேன், கணக்குப் பார்த்துக்க" என்றார். சித்தி உடனே உருகிவிடவில்லை, அப்படியெல்லாம் கதையில்தான் நடக்கும். கோபமாகத்தான் ஏதோ சொன்னார், அவர் புருஷனுடைய மருந்துச் செலவைப் பற்றிச் சொன்னார், அந்த நேரத்தில் ஒரு சொம்பு தண்ணீர்கூட வந்து கேட்கவில்லையே என்றார். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பேச்சு சரியாக இன்னும் எத்தனையோ நாள் ஆயிற்று.

ஆனால் நான் சொல்ல வருவது அன்றைக்கு ஆராதனையில் நடந்ததை. பெரியம்மா வெறுங்கையோடு உள்ளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். ஏலத்தில் அவருடைய மூட்டை இல்லை. நல்லா வெளஞ்ச வருஷமா பார்த்து ஒண்ணும் கொண்டாரல பாரு என்று இரண்டு மூன்று பேர் காதில் விழுகிறமாதிரியே பேசினார்கள். நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் மதிப்பு கூடியிருக்கும், சாட்சி சொல்லக்கூட மைக் கொடுத்திருப்பார்கள். சவுல் கடைசியில் பாவஞ்செய்தேன் என்று ஒத்துக்கொண்ட பிறகும், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேலைக் கெஞ்சுகிறான். அவனுக்கு ஜனங்களின் கண்தான் பெரிசாக இருந்தது, ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்று அவன் வாயாலேயே சொல்கிறான். அந்த வருஷம் என் பெரியம்மா செய்த காரியத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது மூட்டையைக் கொடுத்ததைவிட, கஞ்சப்பிசினாறி என்ற பேரை வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான். கீழ்ப்படிகிறவர்கள் பல நேரம் வெளிப்பார்வைக்குப் பக்தி குறைந்தவர்களாகத்தான் தெரிவார்கள்.

தீர்க்கதரிசிகள் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மீகா, ஆயிரம் ஆட்டுக்கடாவும் ஆறாக ஓடுகிற எண்ணெயும் கொடுத்தால் கடவுள் பிரியப்படுவாரோ என்று கேட்டுவிட்டு, நியாயம் செய், இரக்கத்தை விரும்பு, உன் தேவனுக்கு முன் தாழ்மையாக நட, வேறே என்ன கேட்கிறார் என்கிறார். ஏசாயா 58இல் உபவாசம் இருந்துகொண்டே வேலைக்காரனைப் பிழிகிறவர்களைப் பற்றி இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாள் நாற்பதும் கறி மீன் தொடாமல், வெள்ளிக்கிழமை தோறும் உபவாசக் கூட்டத்துக்குப் போகிற நாங்கள் எல்லாரும் அந்த அதிகாரத்தை முழங்காலில் நின்று வாசிக்க வேண்டும். நுகத்தடியின் பிணையல்களை நெகிழ்ப்பதுதான் எனக்குப் பிரியமான உபவாசம் என்கிறார் ஆண்டவர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. அதற்கு எத்தனையோ வருஷம் கழித்தும் எங்கள் பக்கத்திலேயே அரிசி ஆலையிலிருந்தும் மரம் வெட்டுகிற இடத்திலிருந்தும் முன்பணக் கடனுக்காகக் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்தவர்களை அதிகாரிகள் மீட்டு வந்திருக்கிறார்கள். ஏசாயா சொன்ன நுகத்தடியைத் தேடி நாம் எருசலேமுக்குப் போக வேண்டியதில்லை.

ஆமோஸின் வசனம் ஒன்று வேலூர்க்காரர்களுக்கு வேறு மாதிரி ஒலிக்கும். உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன், உங்கள் பாட்டுச் சத்தத்தை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு, நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது என்கிறார். பாலாற்றுப் பாலத்தின் மேல் பஸ்ஸில் போகிறபோது கீழே பார்த்தால் மணல், முள், குப்பை. வெள்ளம் வருகிற சில நாள் தவிர ஊரே அதை ரோடு மாதிரிதான் கடக்கிறது. தண்ணீர் வராமல் போனதற்கு மேலே உள்ள அணைகளும் மணல் அள்ளினதும் உட்பட நிறையக் காரணம் உண்டு. ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று ஆற்றோரம் நெடுகத் தோல் பதனிட்ட கழிவு இறங்கி, நிலத்தடி நீர் உப்பாகி, கிணறு கிணறாகக் கெட்டுப்போனது நாமே கண்ணால் பார்த்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் வரை ஆகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்து, ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

அந்தத் தோலில் வந்த வருமானத்தில் கோயிலும் வளர்ந்தது, மசூதியும் வளர்ந்தது, சர்ச்சும் வளர்ந்தது. முதலாளியும் காணிக்கை போட்டார், தொழிலாளியும் காணிக்கை போட்டார். யாரையும் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் வரவில்லை, ஆயிரமாயிரம் வீட்டில் அந்தத் தொழிலால்தான் அடுப்பு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது. ஆனாலும் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. தண்ணீர் கெட்ட கிராமத்தில் ஒரு வழிபாட்டு இடத்துக்கு கிரானைட் போட்டுக் கொடுப்பது எளிது, கழிவைச் சுத்திகரித்துவிட்டுத்தான் வெளியே விடுவேன் என்று ஒவ்வொரு நாளும் செலவு செய்வது கடினம். பின்னதில் யாரும் பேர் எழுதிக் கல் நடமாட்டார்கள். இயேசுவைச் சந்தித்த வரிவசூல்காரன் சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தான், அநியாயமாய் வாங்கினதை வாங்கினவர்களுக்கே நாலத்தனையாகத் திருப்பினான். எரிகோவில் ஆலய வாசலுக்கு வளைவு கட்டித்தருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. 'மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்துஅறன்' என்று வள்ளுவரும் சொல்லி, மற்றதெல்லாம் வெறும் ஆரவாரம் என்று முடித்துவிட்டார், இதில் மதத்துக்கு மதம் சண்டை போட ஒன்றுமில்லை.

பெரிய கொடையே தேவையில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவே முடியாது. ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், தாத்தா காலத்திலிருந்து மிஷனெரி டாக்டர் குடும்பம், அந்த வாழ்க்கையே வேண்டாம் என்று அமெரிக்காவில் செட்டிலாக நினைத்தவர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890இல் திண்டிவனம் வந்திருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து கூப்பிட்டார்கள், பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைப் பார்க்க. அவர் அப்பா டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்றால் ஆண் டாக்டர் வரக்கூடாது என்றார்கள். இவருக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்ததும் மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்தது. அந்த இடத்தில் ஐடா என்ன செய்திருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். ஊருக்குப் போய்ப் பணம் திரட்டி அனுப்பியிருக்கலாம், உருக்கமாகக் கடிதம் எழுதியிருக்கலாம், யாரும் அவரைக் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1899இல் கார்னெலில் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் ஆரம்பித்தார். நியூயார்க்கில் ஒரு வங்கிக்காரர் இறந்துபோன மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902இல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது. அந்தக் கொடை நல்ல கொடை, அந்தப் பேரை இன்றைக்கும் நாங்கள் நன்றியோடு சொல்கிறோம். ஆனால் அந்தக் காசு கட்டடமாக நின்று ஜனங்களைக் குணமாக்கியதற்குக் காரணம், தன்னுடைய திட்டத்தை விட்டுக்கொடுத்து வந்து நின்ற ஒரு பெண். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் அவர்தான் துவங்கினார். அவர் ஆரம்பித்தது வளர்ந்து நிற்கிற சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரி வாசலில் இன்றைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து ரிப்போர்ட் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜனங்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்தத் திண்டிவனத்து ராத்திரிக்கு ஐடா வெறும் காணிக்கையோடு பதில் சொல்லியிருந்தால் இந்தத் தெரு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

கீழ்ப்படிதல் என்று பேசினாலே ஒரு ஆபத்தும் கூடவே வருகிறது. மேடையில் மைக் பிடித்தவர்கள் இந்த வசனத்தைச் சொல்லிவிட்டு, ஆகவே எனக்குக் கீழ்ப்படியுங்கள் என்று முடிப்பதை நான் கேட்டிருக்கிறேன். அடிக்கிற புருஷனுக்கு அடங்கிப் போ, அதுதான் கீழ்ப்படிதல் என்று ஒரு பெண்ணுக்கு ஆலோசனை சொல்வதையும் கேட்டிருக்கிறேன். சபைக் கணக்கைக் கேட்டால் அபிஷேகம் பண்ணப்பட்டவரை எதிர்க்கிறாய் என்கிறார்கள். இது சாமுவேல் சொன்னதைத் தலைகீழாக்குவது. அந்த அதிகாரத்தில் கண்டிக்கப்படுகிறவனே அபிஷேகம் பண்ணப்பட்ட ராஜாதான். அவனைக் கேள்வி கேட்பதுதான் அங்கே கீழ்ப்படிதலாக இருக்கிறது. மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம் என்று இயேசுவின் சீடர் பேதுரு யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்தின் முன்னால் நின்று சொன்னது, மதத்தலைவர்களுக்கு எதிராகச் சொன்னது. உன் மேல் அதிகாரம் வேண்டும் என்பதற்காக ஒருவர் கடவுள் பேரைச் சொல்கிறாரா என்று பார்க்கத் தெரியாமல் இந்த வசனத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் காணிக்கையே வேண்டாமா, தசமபாகம் வேண்டாமா என்று வீட்டில் பிள்ளைகள் கேட்கிறார்கள். இயேசு பரிசேயரிடம், ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்று சொல்லும்போதே, இவைகளையும் செய்யவேண்டும் அவைகளையும் விடாதிருக்கவேண்டும் என்றுதான் முடிக்கிறார். கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் எந்தக் காசு என்று பாருங்கள், கொடுப்பதற்கு முன் செய்யச் சொன்னது ஏதாவது பாக்கி நிற்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் தென்னிந்தியத் திருச்சபை ஆராதனையில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. 1947இல் பல சபைகள் இணைந்து ஒன்றானபின் 1950இல் உருவான திருவிருந்து ஒழுங்கில், கேரளத்துச் சுரியானி மரபிலிருந்து எடுத்த ஒரு வழக்கத்தைச் சேர்த்தார்கள். ஆயர் இரண்டு கையையும் குவித்து உதவிக்காரருக்குக் கொடுக்க, அவர் முதல் பெஞ்சில் இருப்பவருக்குக் கொடுக்க, ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் கைகளைத் தன் கைகளுக்குள் வாங்கி 'சமாதானம்' என்று சொல்லிக் கடைசி பெஞ்சு வரை போகும். சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மை என்ற சங்கீதமும் அப்போது வரும். காணிக்கை எடுப்பது அதற்குப் பிறகுதான். முன்னால் இல்லை. அந்த வரிசையை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். மத்தேயு 5இல், பலிபீடத்தின் முன் காணிக்கையோடு நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொல்கிறார். அதைப் பெரும்பாலான ஞாயிறுகளில் நாம் எப்படிச் செய்கிறோம் என்றால், பேசாமல் இருக்கும் சொந்தக்காரர் உட்காரும் பெஞ்சு எது என்று முன்கூட்டியே பார்த்து வேறு பக்கமாக உட்கார்ந்துகொள்கிறோம். அப்புறம் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் கையைப் பிடித்துச் சமாதானம் சொல்கிறோம், அவரோடு நமக்குச் சண்டையே கிடையாது.

இயேசு அதைச் சொன்னது கலிலேயாவில் ஒரு மலைமேல். பலிபீடம் இருந்தது எருசலேமில், நடையாய் நடந்தால் மூன்று நாளாவது ஆகும். கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களுக்கு அவர் சொன்னதன் அர்த்தம் உடனே புரிந்திருக்கும்: ஆட்டைப் பீடத்தண்டை விட்டுவிட்டு, வந்த வழியே மூன்று நாள் நடந்து ஊருக்குப் போய், அண்ணனோ தம்பியோ யாராக இருந்தாலும் அவன் வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிச் சரிசெய்துவிட்டு, மறுபடியும் மூன்று நாள் நடந்து வந்து பலியிடு. நமக்குக் காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நினைத்த நேரத்துக்குப் பஸ் இருக்கிறது.